மூட்டைப்பூச்சி: கடிப்பதைவிட அடிப்பதில்தான் ஆபத்து



நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருகிறவர்கள் கடனைப் பற்றியும் குடும்பச் சண்டையைப் பற்றியும் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்பதை மட்டும், மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். பாலக்கரை, வரகனேரி பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீடுகள், ஜங்ஷனைச் சுற்றியுள்ள மேன்ஷன்கள், மாணவர் விடுதிகள், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நிரம்பி வழியும் ஸ்ரீரங்கத்துத் தங்கும் அறைகள் என்று, ஆள் மாறி ஆள் படுக்கிற இடம் எதுவானாலும் இந்தப் பூச்சி அங்கே வர வாய்ப்புண்டு. வளைகுடாவில் அடுக்குக் கட்டில் போட்ட அறைகளில் இருந்துவிட்டு விமான நிலையத்தில் வந்திறங்கும் நம் பிள்ளைகளின் பெட்டியிலும் அது வரும். பழைய மரச்சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த கட்டிலிலும் வரும். 2023இல் பாரீஸ் நகரமே இதைப் பார்த்துப் பதறியது.

ஆகவே முதலில் வெட்கத்தை விட்டுவிடுவோம். மூட்டைப்பூச்சிக்கு உணவு அழுக்கல்ல, இரத்தம். தினமும் கழுவித் துடைக்கிற வீட்டிலும் மனிதர்கள் படுத்துத்தானே ஆக வேண்டும்? தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த வீட்டில் அது ஒளிய இடம் அதிகம் என்பது உண்மை. ஆனால் வீட்டுப் பெண்மணியின் சுத்தத்துக்கும் பூச்சி வந்ததற்கும் முடிச்சுப் போடுவது அநியாயம். வெட்கப்பட்டு மறைக்கிற இரண்டு மாதத்தில் அது பக்கத்து வீட்டுக்கும் போய்விடுகிறது.

அதன் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் ஒழிக்கிற வழி புரியும். உலகில் மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சி முக்கியமாக இரண்டு இனம். குளிர்நாடுகளில் ஒன்று, நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் மற்றொன்று. வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், உடைத்த துவரம்பருப்பு அளவு. தட்டையான உடம்பு என்பதால் தபால் அட்டை நுழையும் இடுக்கில் அதுவும் நுழையும். கட்டில் மூட்டுகளில் குடியிருப்பதால் மூட்டுப்பூச்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பெயரே பொருத்தமாகப் படுகிறது. நாம் விடும் மூச்சையும் உடம்புச் சூட்டையும் வைத்து நம்மைத் தேடி வரும். ஐந்து முதல் பத்து நிமிடம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதன் உமிழ்நீரில் மரத்துப்போகச் செய்யும் பொருளும், இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் இருப்பதால் கடிக்கும்போது தெரியாது. வெள்ளை நிற முட்டைகளை, ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் அளவில், இடுக்குகளில் ஒட்டிவைக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளரும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேளை இரத்தம் வேண்டும். அதே சமயம், வளர்ந்த பூச்சி உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஹஜ்ஜுக்குப் போய் நாற்பது நாள் வீட்டைப் பூட்டி வைத்தால் செத்துவிடும் என்று எண்ணுவது வீண்.

அடுத்தது, எல்லோரும் கேட்கிற கேள்வி. ஒருவர் இரத்தத்தைக் குடித்துவிட்டு இன்னொருவரைக் கடிக்கிறதே, நோய் பரவாதா?

இந்தக் கேள்விக்கு நமது மாநிலத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் சார்லஸ் டோனவன் கருங்காய்ச்சல் (காலா அசார்) நோயாளிகளின் மண்ணீரலில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் அதே காலத்தில் அதைக் கண்டதால் இருவர் பெயரும் அதற்குச் சேர்ந்தது. அது ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன் என்ற இராணுவ மருத்துவர் நம் ஊர் மூட்டைப்பூச்சியையே சந்தேகித்தார். பூச்சியின் வயிற்றுக்குள் அந்த நுண்ணுயிர் வளர்வதைப் பார்த்ததாக 1907இல் எழுதினார். ஏழைகளின் படுக்கையில் பூச்சி, ஏழைகளுக்கு நோய் என்பதால் சொன்னவுடன் நம்பத்தக்கதாகவும் இருந்தது. ஆனால் பூச்சி கடித்து நோய் வந்ததை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் அஸ்ஸாமில் தாமாக முன்வந்த மனிதர்களை மணல் ஈக்களைக் கடிக்க வைத்து, நோயைப் பரப்புவது அந்த மணல் ஈதான் என்று உறுதிசெய்தார்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து மூட்டைப்பூச்சி விடுதலையானது.

அதற்குப் பிறகும் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. என்று பல குற்றச்சாட்டுகள் வந்தன. ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் வீடுகளில் மூட்டைப்பூச்சியைக் குறைத்துப் பார்த்தும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தொற்று குறையவில்லை என்று 1994இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இன்றுவரை, வீட்டில் இருக்கும் மூட்டைப்பூச்சி மனிதருக்கு எந்தத் தொற்றுநோயையும் பரப்புவதாக நிரூபணம் இல்லை.

அப்படியானால் கேடே இல்லையா? உண்டு, அது வேறு வகை. சிலருக்குக் கடித்த இடம் தெரியவே தெரியாது. சிலருக்குத் தடித்துச் சிவந்து ஒரு வாரம் அரிக்கும். சொறிந்த நகத்தால் புண்ணாகிச் சீழ் வைப்பதுதான் உடம்புக்கு வரும் பெரிய தொல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் இப்படி ஒரு புண்ணையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பூச்சியின் கழிவில் ஹிஸ்டமின் என்ற பொருள் இருக்கிறது. நமக்கு ஒவ்வாமை வரும்போது உடம்பே சுரக்கும் அதே பொருள். பூச்சி நிறைந்த வீட்டுத் தூசியிலும் அது கலந்திருக்கும்.

குழந்தைகள் விஷயம் தனி. ஹைதராபாத் உணவூட்ட ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெங்கடாசலம், பெலவாடி இருவரும் 1962இல் எழுதிய கட்டுரையில், பூச்சி மிகுந்த வீடுகளில் இரவுதோறும் கடிபடும் கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வர இதுவும் ஒரு காரணமாகலாம் என்று காட்டினார்கள். சத்தான உணவு கிடைக்காத பிள்ளைக்கு அந்தச் சில சொட்டுகளும் கணக்குத்தான். வெளிறிப்போன குழந்தைக்கு டானிக் வாங்கித் தருகிறவர்கள் தொட்டிலின் மடிப்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு தூக்கம் போவது. கடிக்கு அஞ்சி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள், வகுப்பில் தூங்கி விழும் மாணவர்கள், பூச்சி ஒழிந்த பின்னும் உடம்பில் ஏதோ ஊர்கிறது என்று தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும் முதியவர்கள் என்று இதன் பாதிப்பு பலவிதம். இதை மனப்பிரமை என்று கேலி செய்யாதீர்கள்.

வயதான தாய்மார்கள் கேட்கிற இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உடையில் நசுங்கிய பூச்சியின் இரத்தக் கறை இருந்தால் தொழுகை கூடுமா என்கிறார்கள். மூட்டைப்பூச்சி, தெள்ளுப்பூச்சி போன்றவற்றின் சிறு இரத்தக் கறையை ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் இமாம்கள் குற்றமாக எடுக்கவில்லை. மேல்விவரம் வேண்டுவோர் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக நள்ளிரவில் எழுந்து குளித்துத் துணி மாற்றி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது இந்தக் கட்டுரை எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். பூச்சி கடித்து யாரும் சாவதில்லை. பூச்சிக்கு வைத்த விஷத்தால் சாகிறார்கள்.

அரிசி, பருப்பு கிடங்குகளில் வண்டு விழாமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் பூச்சி போய்விடும் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் செய்கிறார். அந்த மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவாக மாறும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவைத் தரும். அதற்கு நிறமில்லை. பூண்டு அல்லது அழுகிய மீன் போல ஒரு வாடை வரலாம், வராமலும் போகலாம். சுவர் விரிசல், குழாய் போகும் துவாரம், கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் மாடிக்கும் போகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், நெஞ்சடைப்பு என்று தொடங்குவதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே வீட்டார் நினைப்பார்கள். இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. அரசு நிறுவனங்களும் அங்கீகாரம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களும் நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்துவதற்கு மட்டுமே இதை விற்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் பொட்டலத்தில் இரண்டு மாத்திரை கைமாறுவது நமக்குத் தெரியாததல்ல.

2025 நவம்பரில் இஸ்தான்புல் நகரத்து விடுதி ஒன்றில், ஜெர்மனியிலிருந்து சுற்றுலா வந்து தங்கிய தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் ஆகிய நால்வரும் இறந்தார்கள். முதலில் அவர்கள் தெருவில் வாங்கிச் சாப்பிட்ட உணவைத்தான் சந்தேகித்தார்கள். பிறகுதான் அதே விடுதியில் வேறோர் அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து போட்டிருந்தது தெரியவந்தது. பரிசோதனை பாஸ்பீனைக் காட்டியது. நம் பக்கத்திலும் 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நச்சால் இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். பூச்சி வேறு, எலி வேறு. மூடிய அறையில் நச்சு, உள்ளே தூங்கும் குழந்தைகள் என்பது ஒன்றுதான்.

எனவே எந்த வீட்டிலாவது அந்த மாத்திரை இருந்தால் தண்ணீரில் கரைக்காதீர்கள், கழிவறையில் போடாதீர்கள். ஈரம் பட்டால்தான் அது வாயுவாகிறது. ஏற்கெனவே அறையில் வைத்திருந்தால் எடுக்க உள்ளே போகாமல் எல்லோரும் வெளியேறி, அக்கம்பக்கத்தாரையும் வெளியே அழைத்து, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 108. மருத்துவரிடம் முதல் வார்த்தையாகப் பூச்சிக்கு மருந்து வைத்ததைச் சொல்லுங்கள். வெட்கத்தால் இதை மறைத்தால் உயிர் போகும்.

வயலுக்கு அடிக்கும் மருந்தை மெத்தையில் அடிப்பதும் இதே ரகம். டைக்குளோர்வாஸ் மருந்துக்கு 2020 இறுதியோடு நாட்டில் தடை வந்தும் பழைய பழக்கத்தில் கேட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீயை வீட்டுக்குள் அழைப்பது. கொசு ஸ்பிரேயை அடித்தால் பூச்சி கலைந்து அடுத்த அறைக்குப் போகும், அவ்வளவுதான். இந்தப் பூச்சிக்கு மருந்தைத் தாங்கும் சக்தி புதிதல்ல. டி.டி.டி. வந்த சில ஆண்டுகளிலேயே, 1947இல், ஹவாய் தீவின் படைவீரர் குடியிருப்பில் அதற்குச் சாகாத பூச்சிகளைக் கண்டார்கள். இன்றைய கொசு மருந்துகளுக்கும் அதே கதைதான்.

மருந்துக்குத் தப்பும் பூச்சி சூட்டுக்குத் தப்பாது. 48 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் முட்டையும் மிஞ்சாது. 50ஐத் தாண்டினால் இன்னும் விரைவு. திருச்சி வெயிலில் பிறந்தவர்களுக்குச் சூடு இலவசம். ஆனால் மெத்தையை மொட்டைமாடியில் வெறுமனே விரித்தால் பூச்சி நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். துணி, தலையணை உறை, பள்ளிக்கூடப் பை, செருப்பு போன்றவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தளர்வாகப் போட்டு, இறுக்கக் கட்டி, சித்திரை வைகாசி வெயிலில் மாடித் தரையில் நாள் முழுவதும் வையுங்கள். மதியம் பையைத் திருப்பிப் போடுங்கள். மழைக்காலத்தில் வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள்.

கயிற்றுக் கட்டில், மரக் கட்டில் மூட்டுகளில் கொதிக்கும் நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். நம் பாட்டிமார் செய்ததுதான். இரும்புக் கட்டிலின் குழாய் முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள். மெத்தையின் தையல் ஓரங்களில் பருத்தித் துணி போட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியை மெல்ல நகர்த்தலாம். பிறகு ஜிப் வைத்த உறையில் மெத்தையை முழுவதும் மூடி, ஒரு வருடம் திறக்காதீர்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் பஞ்சடிப்பவரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்தால் அவர் வீட்டுக்கும் பூச்சியைக் கொடுத்ததாகும். சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வெறும் வழவழப்பான கிண்ணம் போதாது. குளிர்நாட்டுப் பூச்சி அதில் வழுக்கி விழும், நம் ஊர்ப் பூச்சி ஏறிவிடும். போர்வை தரையில் தொங்கினால் கிண்ணத்தால் பயனில்லை. ஊரிலிருந்து வரும் பெட்டியைப் படுக்கையில் வைக்காமல் நேரே மாடிக்குக் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கும் துணி நேரே துவைக்கப் போகட்டும்.

ஒட்டிய வீடுகளில் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. வீட்டுக்காரரிடமும் இருபக்கத்து வீட்டாரிடமும் சொல்லி, ஒரே நாளில் எல்லோரும் செய்யுங்கள். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் கட்டிலோடு போவார், சுவர் விரிசலில் இருப்பது உங்கள் வீட்டில்தான் தங்கும். விரிசலைப் பூசித் தருவது வாடகை நட்டத்தைவிட மலிவு.

முட்டை பொரிக்கும் கணக்கை மறக்காமல் பத்தாம் நாள் மறுபடியும், இருபதாம் நாள் இன்னொரு முறையும் இதையே செய்யுங்கள். நடுவில் டார்ச் அடித்துக் கட்டில் மூட்டு, சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், சுவிட்ச் பெட்டியின் ஓரம் ஆகிய இடங்களில் மிளகுத்தூள் சிந்தியது போன்ற கரும்புள்ளிகள் புதிதாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டு மாதம் புதுப் புள்ளியும் புதுக் கடியும் இல்லையென்றால் வீடு உங்களுடையது.