பணம் இருக்கிறது, தொட முடியாது

அன்புள்ள யாழினி,

வங்கிக் கணக்கில் பணம் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை சம்பளம் போட வேண்டும், ஆனாலும் திவால் மனுப் போட்ட அமெரிக்கக் கம்பெனி அந்தப் பணத்தைத் தொட முடியாது என்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. பல கம்பெனிகளின் தலையெழுத்து மனுப் போட்ட முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு நாற்காலித் தொழிற்சாலையை எடுத்துக்கொள். கடன் வாங்கும்போதே கிடங்கிலுள்ள சரக்கையும் கடைக்காரர்கள் தரவேண்டிய பாக்கியையும் வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை சாப்டர் 11 திவால் மனுப் போடுகிறது. கடன் வசூல் அன்றே நின்றுவிடும். நிர்வாகம் பழைய கைகளிலேயே இருக்கும். எந்திரங்களை வழக்கம்போல ஓட்டக் கோர்ட்டைக் கேட்க வேண்டியதில்லை. பணத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. பாக்கி வசூலாகி வந்த பணமும் வங்கியின் ஈடுதான். இதைத்தான் கேஷ் கொலாட்டரல் என்கிறார்கள். எந்திரம் இன்று ஓடினால் நாளையும் அங்கேயே நிற்கும். செலவான டாலர் போனது போனதுதான். அதனால் திவால் சட்டத்தின் 363-ஆவது பிரிவு இரண்டே வழிதான் வைத்திருக்கிறது: வங்கி சம்மதிக்க வேண்டும், இல்லையேல் நீதிபதி அனுமதிக்க வேண்டும். அதுவரை பணத்தைத் தனியே வைத்துக் கணக்குச் சொல்ல வேண்டும். ஓட்டல் அறை வாடகைக்கும் 1994 திருத்தம் முதல் இதே கட்டுப்பாடு உண்டு.

வங்கி மறுத்தால், அதன் ஈடு கரையாது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. சரக்கும் பாக்கியும் பணமுமாக ஈடு 10 லட்சம் டாலர், கடன் 8 லட்சம் என்று வைத்துக்கொள். இடையிலுள்ள 2 லட்சமே வங்கிக்கு ஓரளவு காப்பு. ஈடு கடனைவிடக் குறைவாக இருந்தால்தான் சிக்கல். மனுவுக்குப் பிறகு செய்து விற்கும் நாற்காலிகளின் பாக்கிமேல் பழைய ஈடு தானாகப் படராது. பழைய ஈட்டிலிருந்து வந்த அளவுக்கே தொடரும். அதனால் நீதிபதி பெரும்பாலும் அந்தப் புதிய பாக்கியின் மேல் வங்கிக்கு மாற்று ஈடு கொடுப்பார். மரத்துக்கும் கூலிக்கும் போன பணம் புதுச் சரக்காகித் திரும்பினால் வங்கிக்கு நட்டமில்லை. ஆலை ஓடாமல் மூடிக் கிடந்தால் அந்த மாற்று ஈடு வெறும் காகிதம். இதை வங்கிக்காரர்கள் மனதில் பதியவைப்பதே நல்ல வக்கீலின் வேலை.

பணத்தைச் செலவழிக்க அனுமதி கேட்கும் தனி மனுவைச் சேர்ப்பித்து 14 நாளாவது கழிந்த பிறகே இறுதி விசாரணை. அதற்குள் ஈடுசெய்ய முடியாத சேதத்தைத் தடுக்கத் தேவையான தொகைக்கு மட்டும் இடைக்கால அனுமதி கிடைக்கும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சம்பள நாள் நெருங்குகிற அவசரத்தில், வங்கியின் ஈட்டை யாரும் பிறகு கேள்வி கேட்கக்கூடாது என்ற ஷரத்தையும் சிலர் இடைக்கால உத்தரவிலேயே நுழைக்கப் பார்க்கிறார்கள். மற்ற கடன் கொடுத்தவர்களின் குழுகூட அப்போது அமைந்திருக்காது. நாற்காலிக்கு மரம் கொடுத்த சிறு வியாபாரிக்காக அங்கே பேச யாரும் இல்லை. இப்படிப்பட்ட ஷரத்துகளை அந்த அனுமதி மனுவிலேயே எடுத்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. நீ முதலில் தேட வேண்டியது அந்தப் பகுதியை.

அனுமதியில்லாமல் செலவழித்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பெரிய நட்டம் வந்தால், வழக்கே தள்ளுபடியாகலாம், அல்லது கம்பெனியை விற்றுத் தீர்க்கும் சாப்டர் 7-க்கு மாறலாம். ஆகவே அனுமதி மனுவோடு வரும் வாராந்திர பட்ஜெட்டை வரி வரியாகப் படி. சம்பளம் எந்த வாரம், மரத்துக்கான பணம் எந்த வாரம், வசூல் எந்த வாரம் என்று குறித்து வை. வசூல் கணக்கு நம்பும்படி இல்லையென்றால் எனக்கு எழுது, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா