காலையில் மட்டும் கிளம்பாத பைக்

கேள்வி: என்னிடம் 2014 மாடல் 100 சிசி பைக் இருக்கிறது. தினமும் விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போக வேண்டும். மார்கழி பிறந்ததிலிருந்து சோக் போட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது. உதைத்து உதைத்துக் கால் கடுத்துவிடுகிறது. சூடேறிவிட்டால் நாள் முழுக்க ஒரே உதைதான். ஜமுனாமரத்தூரில் மாமியார் வீட்டில் இரவு தங்கினால் இன்னும் மோசம். மலை உயரம் காரணமா? பிளக் புதிதாக மாற்றியாயிற்று. இன்ஜினைப் பிரித்து போர் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், கணியம்பாடி

பதில்: இப்போதைக்குப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். போரும் ரிங்கும் தேய்ந்திருந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும், ஆயில் குறையும், கேனோடு மேடு ஏறும்போது இழுவை விழும். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

குளிரில் மட்டும் தகராறு என்றால் முதல் சந்தேகம் பெட்ரோல் கலவை மேல்தான். ஆவியான பெட்ரோல்தான் பற்றும். குளிர்ந்த இன்ஜினில் அது சரியாக ஆவியாகாது. அதனால்தான் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது சோக். உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். அதே ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானோக்ககம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் 8 சதவீதம் போலத்தான் குறையும். கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடும், அவ்வளவே. அங்கே உங்களைப் படுத்துவது மலைக்குளிர்.

ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு சோக் லீவரைத் தூக்கிப் பாருங்கள். கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு முழுக்க மூட வேண்டும். பழைய வண்டிகளில் லீவர் முழுசாக நகரும், கேபிள் தொய்ந்து தகடு பாதியில் நிற்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. தகடு சரியாக மூடினால், சாவி போடாமல் சோக்கோடு இரண்டு உதை, பிறகு சாவி போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரு உதை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சோக் தரும் பலன் போய்விடும். (2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் வாங்கிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இது பொருந்தாது. சாவி போட்டு, பம்ப் சத்தம் அடங்கியதும் ஸ்டார்ட் செய்தால் போதும்.)

அடுத்து, கார்புரேட்டரின் அடி ஸ்குருவைத் தளர்த்தி, உள்ளிருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. அடியில் தனியாக உருளும் குமிழ்கள் தண்ணீர். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும், கலவையில் பெட்ரோலின் பங்கையும் சற்று இளைக்க வைக்கும். உங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்தில் இவ்வளவு கலப்பு கிடையாது. வெட்டவெளியில் நிறுத்துகிற வண்டியின் டேங்க்கைக் காலியாக விடாதீர்கள். தண்ணீர் இல்லை, ஆனால் சோக்கை எடுத்ததும் ஐடிலிங் நிற்காமல் அணைகிறது என்றால் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. கார்புரேட்டரைக் கழற்றிக் காற்றடிக்கச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள், துளை பெரிதானால் ஜெட் கெட்டது.

புது பிளக் போட்டதாலேயே கரண்ட் வருகிறது என்று ஆகாது. பனியில் நனைகிற பிளக் கேப்பின் உட்புறம் துருப்பிடித்திருக்கலாம். கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியை அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மாட்டுங்கள். பல உதைக்குப் பின் பிளக்கைக் கழற்றினால் அதுவே மீதியைச் சொல்லும்: காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி பற்றவில்லை.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால், இன்ஜின் ஆறியிருக்கும் காலையில் டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைக்கிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. டேப்பெட் இறுகியிருந்தால் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் கசியும், போர் போன வண்டி மாதிரியே நடந்துகொள்ளும்.

கடைசிச் சோதனை: பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, நாலைந்து முறை உதைத்து, பிளக்கை மாட்டுங்கள். அதற்கு முன் லேசாக இறங்கிய கிக்கர் இப்போது கெட்டிப்பட்டு, வண்டியும் உடனே கிளம்பினால் ரிங் தேய்ந்திருப்பது உறுதி. அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேட்டு இன்ஜினைப் பிரிக்கலாம்.