மடிக்கணினிக்கு ஏற்ற நினைவகம்

(பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

"ஆழமறியாமல் காலை விடாதே" என்பது முதுமொழி. மடிக்கணினிக்கு நினைவகம் வாங்கச் செல்வோருக்கும் அது பொருந்தும் என்பதை நான் பட்டறிவால் கற்றேன்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தில் என் அக்கா பெற்ற கணினி, ஜவ்வாது மலையிலுள்ள எங்கள் வீட்டில் இன்றும் இயங்குகிறது. அதில் தம்பி பாடம் படிக்கிறான். ஆனால் அதிலிருந்த 2 ஜிபி நினைவகம் இன்றைய வேலைகளுக்குப் போதவில்லை. சாமை விற்ற பணத்தில் அம்மா கொடுத்ததை எடுத்துக்கொண்டு, மலையிறங்கிப் பேருந்தேறி நகரத்திற்குச் சென்றேன். "4 ஜிபி ரேம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் அது பொருந்தவேயில்லை. கடைக்காரரைக் குறைகூற வழியில்லை. நான் கேட்டதைத்தானே அவர் கொடுத்தார்!

நினைவகத்தின் பணி யாது? வன்தட்டு தானியக் குதிர் போன்றது. நினைவகம் தானியம் தூற்றும் களம் போன்றது. குதிர் எவ்வளவு பெரிதாயினும், களம் குறுகினால் வேலை தாமதிக்கும். ஆகவே களத்தைப் பெருக்க விழைகிறோம். அதற்குமுன் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, தலைமுறை. டிடிஆர்3 தரம் 2007இலும், டிடிஆர்4 2012இலும், டிடிஆர்5 2020இலும் வெளியாயின. மடிக்கணினித் தகடுகளில் இவற்றின் தொடுமுனைகள் முறையே 204, 260, 262. அடிவிளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது; அழுத்தினால் உடையும். எங்கள் பழைய தகட்டில் 'பிசி3' என்றிருந்தது. நான் வாங்கியதோ 'பிசி4'!

இரண்டாவது, மின்னழுத்தம். டிடிஆர்3 தகடு 1.5 வோல்ட்டில் இயங்கும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் இயங்கும். 1.35 வோல்ட் மட்டுமே தரும் கணினிக்கு முன்னது ஆகாது. 'பிசி3எல்' என்பதிலுள்ள ஓரெழுத்தைக் கவனிக்காமல் ஏமாறுவோர் உண்டு.

மூன்றாவது, கொள்ளளவின் எல்லை. ஒவ்வொரு கணினியும் ஏற்கும் உச்ச அளவு அதன் கையேட்டில் இருக்கும். வெற்று ஸ்லாட் உண்டா என்றும் பார்க்கவேண்டும். சில கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே மாற்ற இயலாது. மேலும், 32 பிட் விண்டோஸ் ஏறத்தாழ 4 ஜிபிக்கு மேல் பயன்கொள்ளாது.

நான்காவது, வேகம். வேறுபட்ட வேகமுள்ள இரு தகடுகளைச் சேர்த்தால், பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். ஆதலின் அதிவேகத் தகட்டுக்கு மிகுதியாகச் செலவிடுவது வீண்.

பொருத்தும் முறையும் எளிதே. மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கிவிட்டு, நிலத்தோடு இணைந்த உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கவேண்டும். தகட்டைச் சாய்வாகச் செருகி, பக்கக் கொக்கிகள் 'டக்' என்று பிடிக்கும்வரை மெல்ல அழுத்தவேண்டும்.

இரண்டாம் முறை பழைய தகட்டைக் கழற்றி, உறையிலிட்டு எடுத்துச் சென்றேன். ஐந்தே நிமிடத்தில் உரிய தகடு கிடைத்தது. இன்று தம்பியின் கணினி தடையின்றி இயங்குகிறது. எனினும் முதல் தகட்டின் விலையும் ஒரு நாள் பயணமும் போனவை போனவையே.

நண்பர்களே, கடைக்குச் செல்லுமுன் கணினியைத் திறந்து பாருங்கள். பழைய தகட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வியர்வை சிந்தி ஈட்டிய பெற்றோர் பணத்திற்கு நாம் செய்யும் சிறு மரியாதை அதுவே.