பாபா யேட்டு

பரலோக மந்திரத்தை நாம் தினமும் சொல்கிறோம். மனம் வைத்துச் சொல்கிறோமா? அம்மந்திரமே ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் 'பாபா யேட்டு' என்னும் இனிய பாடலாக ஒலிக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் டின், 2005-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன் 4' என்ற கணினி விளையாட்டுக்காக இதற்கு இசையமைத்தார். 2011-இல் கிராமி விருது பெற்றது. விளையாட்டுக்கென எழுந்த இசைக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை.

ஒருவர் தொடங்க, பாடகர் குழு முழுவதும் சேர்ந்து பாடுகிறது. 'பாபா' என்றால் தந்தை. 'யேட்டு' என்றால் எங்கள். 'என்' அல்ல, 'எங்கள்'! தனியே செபிக்கும்போதும் பிறரையும் சேர்த்தே நாம் இறைவனை அழைக்கிறோம். நம் உதடுகள் மட்டும் சொல்லி வந்த சொல்லின் பொருளை, அறியாத மொழி நமக்கு உணர்த்தியது. தோழியரே, இன்றைய மாலைச் செபத்தில் அந்த ஒரு சொல்லை நிறுத்திச் சொல்வோமா?