சாக்கடை நீரும் சதுப்பு நிலமும்

தன் வீட்டுக் குப்பையை அயல்வீட்டு வாசலில் கொட்டலாகாதென்பது யாவரும் அறிந்த நெறி. ஆயினும், கடலோரத்து ஊர்கள் பல, கடலை முறையிடாத அயலாராகக் கருதி, தங்கள் சாக்கடை நீரை அதனுள் விட்டு வந்திருக்கின்றன. பெருநகரங்களுக்குள்ள பொருள்வலிமை சிற்றூர்களுக்கு இல்லை. அவை வேறென் செய்யக்கூடும்? இக்கேள்விக்கு ஒரு சிற்றூர் கண்ட விடையை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா இராஜ்யத்தின் வடபகுதியில், ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் ஆர்க்கேட்டா என்னும் ஊர் உளது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கிலும் அதன் ஜனத்தொகை இருபதாயிரத்தை எட்டவில்லை. அவ்வூரார் தம் சாக்கடை நீரைக் குளங்களில் தேக்கி ஓரளவு சுத்தி செய்து, விரிகுடாவில் விட்டு வந்தனர். 1974-இல் இராஜ்யத்தார் ஒரு விதி வகுத்தனர்: விரிகுடாக்களில் இத்தகைய நீரை இனி விடலாகாது, விடுவதாயின், அதனால் விரிகுடாவிற்கு நன்மை விளைவதை மெய்ப்பித்தல் வேண்டும். சுற்றியுள்ள ஊர்கள் ஒன்றுகூடிப் பெரியதொரு பொதுநிலையம் கட்டிக் கடலில் நீரை விடுவதெனத் திட்டம் எழுந்தது. அதன் பெருஞ்செலவும், விரிகுடாவின் அடியே குழாய் செல்லவேண்டியிருந்ததும் ஆர்க்கேட்டா மக்களைக் கலங்கச் செய்தன.

அவ்வூரில் ஒரு சர்வகலாசாலை உண்டு. அதன் மீனியல் ஆசிரியர் ஜார்ஜ் ஆலன், சுத்தி செய்த சாக்கடை நீரைக் கடல்நீருடன் கலந்து, அதில் சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்து வந்தார். பொறியியல் ஆசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட்டும் அவருடன் சேர்ந்தார். சதுப்புநிலச் செடிகளைக் கொண்டே நீரை மேலும் தூய்மையாக்கலாமென்பது அவர்கள் கருத்து. அதிகாரிகளோ சொல்லை ஏற்கவில்லை, சான்று கேட்டனர். 1979 முதல் 1982 வரை சிறு சதுப்புகள் அமைத்துச் சோதனை நடைபெற்றது. 1983-இல் அனுமதி கிடைத்தது. 1986-இல், முன்னர் ஊர்க்குப்பை கொட்டிய நிலத்தையும் உள்ளடக்கிச் சதுப்புநிலம் உருவாயிற்று.

இனி, இம்முறையின் இயல்பை நோக்குவோம். சாக்கடை நீரிலுள்ள அழுக்கு, நுண்ணுயிர்களுக்கு உணவாகும். அவை அதனை உண்ணுங்கால் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. அவ்வாயு குன்றின் மீன்கள் மூச்சடைத்து மடியும். ஆகையால், முதலில் கனமான கசடு அடியில் தங்குமாறு நீரைத் தேக்குகின்றனர். பின்னர்த் திறந்த குளங்களில் விடுகின்றனர். அங்கே பாசி, சூரிய ஒளியால் பிராணவாயுவை உண்டாக்கி நுண்ணுயிர்களுக்கு உதவுகின்றது.

ஆனால், இவ்வுதவியே புதியதோர் இடையூறாகும். பாசி நிறைந்த நீர் விரிகுடாவை அடையின், அப்பாசியும் மடிந்து அழுகிப் பிராணவாயுவைக் குறைக்கும். இவ்விடத்தேதான் சதுப்பு உதவுகின்றது. அடர்ந்த கோரையும் சம்பும் நிழல் செய்ய, ஒளியின்றிப் பாசி மடிந்து அடியிற் படிகின்றது. நீரில் மூழ்கிய தண்டுகளில் ஒட்டிவாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கை உண்ணுகின்றன. நைட்ரேட்டு உப்பு, பிராணவாயு அற்ற சேற்றில் நைட்ரஜன் வாயுவாக மாறி ஆகாயத்திற் கலக்கின்றது. இங்ஙனம் தெளிந்த நீரும் நோய்க்கிருமிகளைக் கொன்ற பின்னரே விரிகுடாவில் விடப்படும். இன்று அந்நிலம் 307 ஏக்கர் பரப்புள்ள பறவைச் சரணாலயமாக விளங்குகின்றது.

எனினும், இம்முறை எவ்வூர்க்கும் பொருந்துமெனக் கூறுதல் தகாது. இதற்கு விரிந்த நிலம் வேண்டும். நீர் மெல்லச் செல்லக் காலமும் வேண்டும். தொழிற்சாலைகளின் கன உலோகங்களை நுண்ணுயிர்கள் உண்டு அழிக்கமாட்டா. அவை சேற்றிலே தங்கிவிடும். தாழ்ந்த கரையில் அமைந்தமையால், உயர்ந்துவரும் கடல் அதன் கரையணைகளுக்கு அச்சம் விளைவிக்கின்றது.

எனவே, நாம் கைக்கொள்ள வேண்டியது சதுப்பினை மாத்திரம் அன்று, அச்சோதனை முறையையே. தம் ஊரின் அழுக்கை ஆராய்வதை இழிவெனக் கருதாத ஆசிரியரும், அளந்தறியும் பொறுமையும் இருந்தமையால், ஒரு சிற்றூர் தன் வழியைத் தானே கண்டது. நம் கலாசாலை மாணவர்களும் தத்தம் ஊர்ச் சாக்கடை எங்கே சென்று சேர்கின்றதென்று ஒருமுறை சென்று பார்ப்பாராக. அறிவு தொடங்குமிடம் அதுவே.