எழுபது எழுத்துக்குள்

அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறீர்களா? பிரஷர் கருவி, சுகர் பார்க்கும் கருவி, மாத்திரைப் பை எல்லாம் கைக்கு வந்திருக்கும். இன்னொரு கருவி முன்பே உங்களிடம் இருக்கிறது: செல்போன்.

அதன் பலனுக்குச் சான்று நம் பக்கத்திலேயே உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, வேலைக்குப் போகும் 537 ஆண்களைச் சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இரண்டாண்டு கவனித்தார்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கிடைத்தது. பாதிப் பேருக்கு மட்டும் அதன்பின் எஸ்எம்எஸ் தொடர்ந்தது. எஸ்எம்எஸ் வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. எஸ்எம்எஸ் வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு மட்டுமே. 2013இல் இந்த முடிவு வெளியானது. பதினோரு பேருக்கு அனுப்பினால் ஒருவர் தப்புகிறார் என்பது கணக்கு. அந்த ஒருவர் உங்கள் தெருக்காரராக இருக்கலாம்.

ஒரே வாசகத்தை ஊருக்கெல்லாம் தள்ளிவிட்டதால் வந்த பலன் அல்ல இது. எந்த நேரம் வேண்டும் என்று அவரவரையே கேட்டார்கள். மனம் எந்த அளவுக்கு மாறியிருக்கிறதோ அதற்கேற்ற வாசகம் போனது. நீங்களும் வீட்டுக்குப் போகும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விடியலில் மல்லிகை பறிக்கப் போகிற பெண்ணுக்கு மதியம்தான் மூச்சுவிட நேரம். கோயில் வாசலில் கடை போட்டிருப்பவருக்கு ஞாயிறு காலை அனுப்பினால் வீண். "எனக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்பவரிடம் நடைப்பயிற்சி பேசாதீர்கள். முதலில் சுகர் பார்த்துக்கொள்ள அழையுங்கள். ஏற்கெனவே நடக்கிறவரைப் பாராட்டி எழுதுங்கள்.

போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். பல வீடுகளில் அது மகனிடம் இருக்கும். அதனால் நோயின் பெயரை எழுதக் கூடாது. மாத்திரை அளவை எழுதவே கூடாது, அது டாக்டர் வேலை. படிக்கத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் குரலையே அனுப்புங்கள்.

இனி எழுத்துக் கணக்கு. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'சர்க்கரை' என்ற ஒரு சொல்லே எட்டு இடத்தை விழுங்கிவிடும். "அண்ணே, டீக்கு சீனி பாதி போதும்." இது 31 இடத்தில் முடிந்துவிடுகிறது. பேசுகிறபடி எழுதினால் சிக்கனம் தானாக வரும். ஒரு செய்திக்கு ஒரு காரியம் போதும்.

சாப்பாட்டைப் பற்றியே அதிகம் எழுதுங்கள் என்பேன். அந்த ஆய்விலும் உணவில்தான் மாற்றம் தெரிந்தது. உடற்பயிற்சியில் பெரிதாக வித்தியாசமில்லை. ஆனால் ஊர் மனசு தெரிந்து எழுத வேண்டும். நெய்யில் பொரித்த அழகர்கோவில் தோசை பிரசாதம். அதைச் சாப்பிடாதே என்று எழுதினால் உங்கள் அடுத்த செய்தியை யாரும் திறக்க மாட்டார்கள். "ஒரு விள்ளல் நீங்க, மீதி பிள்ளைகளுக்கு" என்று எழுதிப் பாருங்கள். சித்திரையில் அழகரோடு மதுரைக்கு நடப்பவர்களுக்கு, கிளம்பும் முன்னாலேயே மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நினைவூட்டுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று செய்தி போதும். யாராவது பதில் போட்டால் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். மூன்று வாரமாகச் சத்தமே இல்லையென்றால் நான்காவது வாரம் செய்தி அனுப்பாதீர்கள். வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்காருங்கள்.