சூரிய வெப்பமும் சங்கத்தின் கணக்கும்

நிலக்கரியும் எண்ணெயும் பூமியில் அளவோடு இருப்பவை. ஆதலின் கதிரவன், காற்று, சாணம் ஆகியவற்றினின்று விசை பெறும் வழிகளை நாட வேண்டும் என்பதில் பல்கலைக்கழக ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை அதிகம் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சூரிய ஆற்றலுக்கெனத் தனித் துறையே உண்டு. விவாதம் சூடு பிடிப்பது வேறோர் இடத்தில். அவ்விசை யாருடைய உடைமையாக இருக்கும்? கிணற்று நீரின் கதி என்ன? இவ்விரண்டும் நம் அங்கத்தினர்களை நேரே தொடும் கேள்விகள்.

பகலெல்லாம் செலவின்றி ஓடும் பம்பு கையில் இருந்தால் யார்தான் அதை நிறுத்துவார்? தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டு முதல் விவசாய மின்சாரம் விலையின்றிக் கிடைக்கிறது. சூரிய பம்பும் அவ்வாறே ஓடுமானால், நீர் மட்டம் இன்னும் கீழே போகும் என்ற அச்சம் நியாயமானதே. இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் துஷார் ஷா. குஜராத்தில் ஆனந்த் நகரிலுள்ள கிராம மேலாண்மைக் கல்வி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். பால் கூட்டுறவு வேரூன்றிய மண்ணில் அவருக்குத் தோன்றிய யோசனை எளியது: சூரிய மின்சாரத்தையும் ஒரு பயிராகக் கருதி, உபரியை விவசாயியிடமிருந்து விலைக்கு வாங்கினால், அவர் வீணே நீர் இறைக்கமாட்டார்.

இந்த யோசனை ஏட்டோடு நிற்கவில்லை. கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் ஆறு விவசாயிகள் சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதுவரை டீசல் பம்புகளை நம்பியிருந்தவர்கள் அவர்கள். 2016இல் மின் விநியோக நிறுவனம் அச்சங்கத்திடமிருந்து அலகுக்கு ரூ.4.63 வீதம் 25 ஆண்டுகள் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் ஒவ்வொரு பம்பாகக் கணக்கெடுப்பதில்லை. ஒரே மீட்டரில் சங்கத்திடம் வாங்குகிறது. உறுப்பினர்களுக்குள் பங்கிடுவது சங்கத்தின் வேலை. பால் சங்கத்தில் பார்த்த முறைதான் இது.

ஒரு கிலோவாட் பலகை நம் பகுதியில் தெளிந்த நாளில் சுமார் 4 அலகு தரும். 8 கிலோவாட் உடைய ஓர் உறுப்பினர் 32 அலகு பெற்று, பாதியை நீருக்குச் செலவிட்டு, மீதி 16 அலகைத் துண்டியின் விலைக்கு விற்றால் நாளொன்றுக்கு 74 ரூபாய் வரும். நீரை வீணாக்கினால் இத்தொகை கையை விட்டுப் போகும் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. ஒன்று சொல்ல வேண்டும்: விலையின்றி மின்சாரம் பெறும் நம் விவசாயிக்கு, ஏற்கெனவே டீசலில் செலவழித்துக்கொண்டிருந்த துண்டி விவசாயியின் ஆர்வம் உடனே வந்துவிடாது. நம் பக்கத்தில் உபரிக்கு நல்ல விலை கிடைத்தாலன்றி இது நடவாது என்பதே என் எண்ணம்.

நெசவாளர் சங்கங்களுக்குப் பலகையைவிட வெந்நீரே முதற்காரியம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றும் பட்டறைகளில் கொப்பரையின் அடியில் எரியும் விறகைப் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த விறகில் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி வெப்பம் உண்டு. திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான் நீரைச் சேர்கிறது. மற்றது பட்டறையையும் தொழிலாளியின் கண்ணையும் சேர்கிறது. 100 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 3,000 கிலோகலோரி தேவை. அதாவது எட்டு அல்லது ஒன்பது கிலோ விறகு. கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலம் இந்த 60 டிகிரி வரை விறகின்றியே தரும். அதற்கு மேற்பட்ட சூட்டுக்கு மட்டும் அடுப்பை மூட்டினால் போதும். மழைக்கால நாட்களில் பழைய முறையே கைகொடுக்கும். ஆகவே அடுப்பை இடித்துவிட வேண்டாம்.

இனி, தணிக்கையாளன் என்ற முறையில் ஒரு சொல். நான் சென்ற ஒரு சங்கத்தில் மானியத்தில் வாங்கிய பலகைகள் புழுதி படிந்து கிடந்தன. பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று எவருக்கும் தெரியவில்லை. பேரேட்டில் அச்சொத்து முழு விலையில் இருந்தது. தேய்மானம் ஒரு காசும் எழுதப்படவில்லை. பலகை 25 ஆண்டு உழைக்கக்கூடும். பாட்டரியை ஐந்தாறு ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்குரிய தொகையை ஆண்டுதோறும் தனி நிதியில் ஒதுக்காவிட்டால், மாற்றும் நாளில் சங்கம் அங்கத்தினர்களின் பங்குத் தொகையைத்தான் தொட வேண்டிவரும். மதுரை வெயிலில் இன்னொரு கவனம்: 25 டிகிரிக்கு மேல் பலகை சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் விசை சுமார் 0.4 சதவீதம் குறைகிறது. ஆதலால் பலகையைக் கூரையோடு ஒட்டிப் பொருத்தாமல், அடியில் காற்றோட்டம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

சாயப்பட்டறை வைத்திருக்கும் சங்கங்களின் காரியதரிசிகள், அடுத்த மகாசபைக்கு முன்னர் ஓராண்டு விறகுச் செலவை மட்டும் மாதவாரியாகத் தனித்தாளில் எழுதி வைத்திருப்பார்களாயின், நான் தணிக்கைக்கு வரும்போது வெந்நீர்க் கலத்தின் விலையோடு அதனை ஒப்பிட்டுச் சேர்ந்தே கணக்கிடலாம்.